திருகோணமலை வெயிலில் பென்டோ பெட்டி: செலவு கூடாமல் எப்படிக் கட்டுவது?

கேள்வியின் சுருக்கம் இது: கணவன், மனைவி இருவருக்கும் நகரத்தில் வேலை. மகள் தரம் 4 படிக்கிறாள். மதியம் கடைப் பார்சல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஜப்பான்காரர் மதியச் சாப்பாட்டை அடுக்கிக் கொண்டுபோகிற பென்டோ பெட்டியின் படங்களைப் பார்த்ததும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியும் விலை, உள்ளே வைக்கிற சாமான்களும் விலை. போதாததற்கு நம் ஊர் வெயில். இது நமக்குச் சரிவருமா? பெட்டியை எப்படிக் கழுவுவது?

நன்றாகச் சரிவரும். நான் பல வருடம் பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பித்தவள், இப்போதும் வீட்டில் மூன்று பெட்டி கட்டுகிறேன். இதற்காக ஜப்பான் சமையல் பழகத் தேவையில்லை. நம் சோறு கறியையே கட்டலாம். மாற்ற வேண்டியவை இரண்டு: சோற்றின் அளவும் கறியின் ஈரமும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் காசும் மிஞ்சும், சாப்பாடும் பழுதாகாது. படத்தில் வருகிற கரடி முகச் சோறு, பூ வெட்டிய கரட் எல்லாம் நேரம் இருக்கிறவர்கள் செய்யட்டும்.

அளவை முதலில் சொல்கிறேன். ஜப்பானில் சத்துணவு படிப்பிக்கிறவர்கள் 3-1-2 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டியை ஆறு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு சோறு, ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரதம், இரண்டு பங்கு மரக்கறி. நிறுக்கத் தேவையில்லை, பெட்டியில் பிடிக்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் போதும். இப்படி இடைவெளி இல்லாமல் அடைத்து, எண்ணெயில் பொரித்தது ஒன்றுக்கு மேல் வைக்காமல் விட்டால், பெட்டி எத்தனை மில்லிலீற்றரோ ஏறக்குறைய அத்தனை கிலோகலோரி உள்ளே இருக்கும். 600 மில்லிலீற்றர் பெட்டி என்றால் சுமார் 600. இருந்து வேலை செய்கிற பெண்ணுக்கு 600 போதும். ஆணுக்கு 700 முதல் 800 வரை. வெயிலில் நின்று உடம்பால் வேலை செய்கிறவருக்கு அதைவிடப் பெரிது வேண்டும்.

இப்போது ஒரு கடைப் பார்சலை நினைத்துப் பாருங்கள். சோறு மலைபோல இருக்கும், மரக்கறி ஓரத்தில் இரண்டு கரண்டி. பின்னேரம் இரண்டு மணிக்குக் கண்ணைச் செருகுவதற்கு அந்தச் சோற்று மலைதான் பாதிக் காரணம். கடையில் வாங்குகிறபோது அளவு கடைக்காரர் கையில் இருக்கிறது, வீட்டில் கட்டுகிறபோது பெட்டியின் கையில் இருக்கிறது. அதனால்தான் பெட்டியின் அளவைச் சரியாக வாங்குங்கள் என்கிறேன்.

பென்டோ என்று எழுதி விற்கிற பெட்டியைத் தேட வேண்டாம். மூடி இறுக்கமாக மூடுகிற, நீள்சதுரமான, உயரம் குறைந்த எவர்சில்வர் பெட்டி போதும். வட்டப் பெட்டியில் மூலை இல்லாததால் கறி அசைந்து கலந்துவிடும். அளவு தெரியாவிட்டால் கடையிலேயே அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பாருங்கள், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் உங்களுக்குச் சரி. ஐஸ்கிரீம் வந்த பெட்டியில் சுடுசோறு போடாதீர்கள், அது சூட்டுக்குச் செய்ததல்ல. பிளாஸ்டிக்தான் வாங்குவதென்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் (சூடு தாங்குகிற வகை) இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பிரிக்க விற்கிற சிலிக்கோன் கிண்ணங்களும் தேவையில்லை. வாழையிலையை அடுப்பில் வாட்டி வெட்டி வைத்தால் மீனின் மணம் சோற்றில் ஏறாது. கோவா இலை ஒன்றைக் கிண்ணம்போல மடித்து வைத்தால் அதையும் சாப்பிட்டுவிடலாம். சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குச் சட்டப்படி தடை வந்தது 2017 செப்டெம்பர் 1. இன்னும் பல இடங்களில் அதில்தான் சுடுசோறு கட்டுகிறார்கள். பெட்டிக்கு ஒரு தடவை கொடுக்கிற காசில் அதிலிருந்தும் தப்பலாம்.

சரி, இனி ஈரமும் சூடும். நம் ஊரில் பெட்டிச் சாப்பாடு பழுதாவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமைத்த சாப்பாடு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிடக்கும்போது கிருமி வேகமாகப் பெருகும். உணவுப் பாதுகாப்புக்காரர் அந்த நிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பார்கள். வெளிச் சூடு 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலை ஆறரைக்குக் கட்டி மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறோம், ஆறு மணித்தியாலம். சோற்றில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, அரிசி வெந்தாலும் சாகாது. இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும். வாந்தியைக் கொண்டுவருகிற அந்த நஞ்சு, பிறகு சூடாக்கினாலும் போகாது.

ஆகவே ஒன்றில் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், அல்லது நன்றாக ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. சூடாகவே வைப்பதற்கு நல்ல வெப்பக் குடுவை வேண்டும், அது செலவு. மலிவான வழி ஆறவைத்துக் குளிராக வைப்பது. சோற்றை அகலமான தட்டில் பரப்பி விசிறிக்குக் கீழே வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆவி அடங்கிவிடும். கறிகளையும் தனித்தனியாகப் பரப்புங்கள். கையின் பின்புறத்தை வைத்தால் சூடு தெரியக் கூடாது, அதன் பிறகுதான் மூடி. ஆவியோடு மூடினால் மூடிக்கு அடியில் தண்ணீர் கோத்து, சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழும். மதியம் திறக்கும்போது வருகிற அந்தப் புளித்த வாடைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குளிர் கொடுக்க ஒரு சின்னப் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி இரவே உறைய வையுங்கள். காலையில் துணியில் சுற்றிப் பெட்டியோடு ஒட்டினாற்போல் பைக்குள் வையுங்கள். மதியம் அது குடிக்கக் குளிர்ந்த தண்ணீராகவும் இருக்கும். வேலை இடத்தில் பிரிஜ் இருந்தால் போனவுடனே பெட்டியை உள்ளே வைத்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும் யன்னல் ஓரத்திலும் மட்டும் வேண்டாம்.

இனிக் கறி. சொதியைப் பெட்டிக்குள் கொண்டுபோக வேண்டாம். தேங்காய்ப்பால் விட்ட கறி எதுவும் வெயிலில் நிற்காது. பச்சைத் தேங்காய்ப்பூச் சம்பலும் அப்படித்தான், அதிகாலையில் இடித்தது பத்து மணிக்கே மணம் மாறத் தொடங்கும். பெட்டிக்கு ஏற்றவை வறை, பிரட்டல், பொரியல். வறைக்குப் போடுகிற தேங்காய்ப்பூவையும் கடைசியில் தூவி இறக்காமல், தாச்சியில் ஈரம் வற்றும்வரை நன்றாக வறுத்துவிடுங்கள். சம்பல் இல்லாமல் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது என்றால் சீனிச் சம்பல் செய்துவையுங்கள். நிலாவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் மலிகிற நேரம் ஒரு தடவை செய்து போத்தலில் போட்டு பிரிஜ்ஜில் வைத்தால், ஈரக் கரண்டி படாதவரை நாட்கணக்கில் இருக்கும். புளி, தேசிக்காய் சேர்ப்பது கிருமியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதை மட்டும் நம்பிப் பெட்டியை வெயிலில் விடாதீர்கள்.

அடுத்தது காசு. பெட்டியில் ஆறில் ஒரு பங்குதான் புரதம், ஆனால் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான். அங்கே பிடித்தால் மிச்சம் தானாக வரும்.

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு கோழிக்குக் காசு கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் கரையில் பங்குனி, சித்திரையில் கடல் அடங்கத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் நல்ல காலம். கரைவலை இழுக்கிற நாட்களில் சூடை, கீரி, நெத்தலி குவியும். பெரிய மீன் துண்டின் விலையைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்காமல் நடப்பதைவிட, சின்ன மீனை வாங்கி முள்ளோடு சாப்பிடுவது உடம்புக்கும் நல்லது. மென்று விழுங்கக்கூடிய முள்ளில்தான் கல்சியம் இருக்கிறது. சூடையை மஞ்சள், உப்பு, மிளகு, கொஞ்சம் கொறுக்காய்ப்புளி போட்டு, தண்ணீர் வற்றும்வரை சட்டியில் சிறுதீயில் வைத்தால், முள் மெத்தென்று ஆகும். குழம்பில்லாமல் உலர்ந்து வருவதால் பெட்டிக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

கார்த்திகை முதல் தை வரை வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும். படகு இறங்காத நாட்களில் மீன் விலை ஏறிவிடும். அதற்கு ஆவணியிலேயே நெத்தலிக் கருவாடு வாங்கி வைத்துவிட வேண்டும். உலர்ந்த நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம், ஒரு பெட்டிக்கு ஒரு சின்னக் கைப்பிடி போதும். சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு இரண்டு தரம் கழுவினால் உப்பு இறங்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆகவே கருவாடு வைக்கிற நாளில் மற்றக் கறிகளுக்கு உப்பைக் குறையுங்கள்.

மீனில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. சூரை, கும்பளா, கீரி போன்றவற்றைப் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். சமைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் சொல்வதில் இதுவும் இருக்கிறது. சந்தையில் பதினொரு மணிக்கு விலை இறங்குகிறது என்று காத்திருந்து, ஐஸ் இல்லாத தட்டில் கிடக்கிற சூரையை வாங்குவது மிச்சம் அல்ல. வாங்கியதை வீட்டுக்கு வந்தவுடன் வெட்டிக் கழுவி பிரிஜ்ஜில் வையுங்கள்.

மீன் இல்லாத நாளுக்கு முட்டை, பயறு, கௌபி, கடலை, சோயா மீற். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். உலர்ந்த பயறு 100 கிராமில் சுமார் 24 கிராம், சோயா மீற்றில் அதைப்போல இரண்டு மடங்கு. காசுக் கணக்கில் பயறையும் கௌபியையும் வெல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் இரவு ஊறப்போட்ட கௌபியைக் காலையில் அவித்து, கடுகு, செத்தல்மிளகாய், வெங்காயம் தாளித்துப் பிரட்டினால் அன்றைய புரதப் பங்கு முடிந்தது. சோயா மீற் பைக்கற்றுக்குள் வருகிற சுவைத்தூளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக் கறித்தூளில் பிரட்டுங்கள். அந்தத் தூளில் உப்பு அதிகம். அவித்த முட்டை என்றால் கோதோடு கொடுத்து விடுங்கள், ஒம்லட் என்றால் நடுவில் ஈரமில்லாமல் முழுதாக வேகட்டும்.

மரக்கறிக்கு இரண்டு பங்கு என்றதும் செலவு ஏறும் என்று நினைப்பீர்கள். மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிற லீக்ஸ், கரட், போஞ்சி என்றே வாங்கினால் ஏறத்தான் செய்யும். நம் பக்கத்தில் காய்க்கிற பயிற்றங்காய், கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய், வாழைப்பூ, பப்பாசிக்காய் இருக்கின்றன. வேலியில் முருங்கை நிற்கிறது. கீரைக்கட்டு எப்போதும் மலிவு. கரட் ஒன்றை வாங்கி நிறத்துக்காகத் துருவிக் கலந்துகொள்ளலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறம் சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்று ஜப்பானியர் பார்ப்பார்கள். அதில் அழகு மட்டும் இல்லை, நிறம் மாறினால் சத்தும் மாறி மாறிக் கிடைக்கும். பூசணி மஞ்சள், முருங்கையிலை பச்சை, தக்காளி சிவப்பு, சோறு வெள்ளை, மேலே தூவ வறுத்த எள்ளு கறுப்பு. எல்லாம் கைக்கு எட்டுகிற சாமான்.

கீரை வைக்கிற நாளில் ஒரு சின்னத் தேசிக்காயையும் வெட்டாமல் கொடுத்து விடுங்கள், சாப்பிடுகிற நேரம் வெட்டிப் பிழியட்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அதிலுள்ள விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதே இரும்புச்சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஒரு நாள் காலையை அப்படியே காட்டினால் விளங்கும். முதல் நாள் இரவுச் சமையலோடு பயிற்றங்காயை வெட்டி, முருங்கையிலையை உருவி, வெங்காயத்தை நறுக்கி வைத்துவிடுகிறேன். காலையில் சோற்றை முதலில் வைக்கிறேன். நாட்டரிசி புழுங்கல் என்றால் உதிரியாக வரும், தம்பலகாமத்து நெல் குத்திக் கிடைத்தால் இன்னும் நல்லது. சோறு வேகும்போது ஒரே தாச்சியில் மூன்றும் முடியும். மணம் குறைந்தது முதலில், மணம் கூடியது கடைசியில்: முருங்கையிலை வறை, அது இறங்கியதும் துடைக்காமல் அதே தாச்சியில் பயிற்றங்காய்ப் பிரட்டல், கடைசியாக நெத்தலி. இடையில் கழுவத் தேவையில்லை, காஸும் மிச்சம். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ஆறியதும் அடுக்குவது. சோற்றைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் போட்டு, நடுப்பக்கம் சரிவாக வரும்படி கரண்டியால் மெதுவாக அழுத்துங்கள். அந்தச் சரிவில் வாழையிலைத் துண்டைச் சாய்த்து வையுங்கள். அதன் மேல் நெத்தலி அல்லது மீன். பிறகு பயிற்றங்காயை மூலையில் நெருக்கி வையுங்கள். கடைசியில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே முருங்கையிலை வறையைத் திணியுங்கள். பெட்டியை ஒருதரம் சரித்துப் பாருங்கள். ஒன்றும் நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம், மரக்கறியால் நிரப்புங்கள், சோற்றால் வேண்டாம். பஸ்ஸில் குலுங்கிப் போனாலும் மதியம் கட்டியபடியே இருக்கும்.

மகளின் பெட்டியை வேறுமாதிரி யோசிக்க வேண்டும். பள்ளி ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. அவள் பெட்டியைத் திறப்பது இடைவேளையில், சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். பெரியவர்களின் பெட்டியைச் சின்னதாக்கிக் கொடுத்தால் பாதி திரும்பி வரும். அவளுக்கு 350 மில்லிலீற்றர் அளவில் ஒரு சின்னப் பெட்டி போதும். கையால் எடுத்து, சட்டையில் சிந்தாமல், பத்து நிமிடத்தில் முடிக்கிற சாப்பாடாக இருக்கட்டும். குரக்கன் ரொட்டியைச் சின்னச் சின்னதாகச் சுட்டு முட்டைப் பொரியலோடு கொடுக்கலாம். அவித்த கடலையில் மாங்காய்த் துண்டும் கரட் துருவலும் கலந்து கொடுக்கலாம், இட்லி மீந்தால் நாலாக வெட்டித் தாச்சியில் பிரட்டலாம். பிட்டு விருப்பம் என்றால் தேங்காய்ப்பூவைக் குறைத்து, கரட்டும் முட்டையும் போட்டுப் பிரட்டிக் கொடுங்கள். பழத்துக்கு வாழைப்பழம் இருக்கிறது, தோல்தான் அதற்குப் பெட்டி. பப்பாசியை வெட்டி வைத்தால் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நனைக்கும், அது பின்னேரம் வீட்டில் சாப்பிடட்டும். பிஸ்கட் பைக்கற்றும் சீனிப் பானமும் கொடுத்துவிடுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு ஒரு கிழமைக் கடலை வாங்கலாம். முட்டையோ கடலையோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள், பகிரவும் வேண்டும்.

திட்டம் போடுவதற்கு ஒரு கிழமைக்கு மேல் யோசிக்காதீர்கள். ஞாயிறு சந்தையில் எது குவிந்து கிடக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, பிறகு பட்டியலைத் தீர்மானியுங்கள். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போகிற பட்டியல்தான் காசை விழுங்கும். திங்கள், செவ்வாய்க்கு மீனும் சீக்கிரம் வாடுகிற கீரையும். நடுக்கிழமையில் முட்டை, பயிற்றங்காய், கத்தரிக்காய். வியாழன், வெள்ளிக்குப் பயறு, கௌபி, கருவாடு, பூசணி, கோவா போன்ற நிற்கிற சாமான். இந்த ஒழுங்கில் போனால் வெள்ளிக்கிழமை பிரிஜ்ஜில் வாடிப்போய் எறிய ஒன்றும் இருக்காது. எத்தனை ரூபாய் மிஞ்சியது என்று பார்க்க, சந்தைச் செலவில் பெட்டிக்குப் போன பங்கை மட்டும் ஒரு தாளில் எழுதி, அந்தக் கிழமைக்கு வாங்கியிருக்கக்கூடிய பார்சல்களின் விலையோடு ஒப்பிடுங்கள். மற்றவர்களின் கணக்கைவிட உங்கள் வீட்டுக் கணக்கே உங்களுக்கு நம்பிக்கை தரும்.

பெட்டி கழுவுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணம் தங்குவது எவர்சில்வரில் இல்லை, மூடிக்குள் இருக்கிற றப்பர் வளையத்தில். அதைக் கத்தி முனையால் மெதுவாகக் கழற்றி, பிழிந்த தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். வேலையால் வந்தவுடனே பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டால் மற்றது சுலபம்.